குழந்தையின் புலன்களும் பெற்றோரின் பொறுப்பும்

 

   

செவி, பார்வை, உள்ளம் ஆகியவற்றை அல்லாஹ் வழங்கிய அருட்கொடைகளாகத் திருமறை பல இடங்களில் நினைவூட்டுகின்றது. மிம்பர் மேடைகளில் அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தீயவற்றிலிருந்து அவற்றைக் காத்துக்கொள்வது எப்படி என்பதையே பெரும்பாலும் பேசி வருகின்றோம். இன்று அதே அருட்கொடையின் இன்னொரு பக்கத்தைச் சிந்திப்போம். செவி இருக்கின்றது; ஆனால் அது கொண்டுவரும் ஓசையைத் தாங்க இயலவில்லை. தோல் இருக்கின்றது, ஆனால் ஒரு சட்டையின் தையல்கூட அதில் முள்ளாகக் குத்துகின்றது. இத்தகைய சோதனையோடு நம் மஹல்லாக்களில் குழந்தைகள் வளர்ந்து வருகின்றார்கள். அவர்களைப் புரிந்துகொள்வதும், வீட்டிலேயே அவர்களுக்கு நாம் செய்யக்கூடியவற்றை அறிந்துகொள்வதும் பெற்றோர் மீதுள்ள பொறுப்பாகும்.

அடம் என்று நாம் அழைப்பது

பெருநாள் காலையில் புத்தாடையை அணிவித்தவுடன் அதைக் கழற்றி எறிந்து கதறும் குழந்தை. மிக்ஸி ஓடத் தொடங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடும் குழந்தை. முடிவெட்டும் கடையில் நான்கு பேர் பிடித்தாலும் அடங்காத குழந்தை. வெள்ளைச் சோற்றையும் பிஸ்கட்டையும் தவிர வேறெதையும் வாயில் வைக்க மறுக்கும் குழந்தை. மறுபுறம், ஓயாமல் சுழன்றுகொண்டும், கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டும், சுவரில் மோதிக்கொண்டும், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டும் இருக்கும் குழந்தை. முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிந்தாலும் அழாமல் எழுந்து ஓடும் குழந்தை. இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம்.

கண்டவுடன் நம் நாவு என்ன சொல்கின்றது? பிடிவாதம் என்கின்றோம். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்கின்றோம். மாமியார் மருமகளைக் குறை கூறுகின்றார்; கணவர் மனைவியைக் குறை கூறுகின்றார்; அண்டை வீட்டார் அனைவரையும் குறை கூறுகின்றார்கள். கடைசியில் அடி விழுவது அந்தக் குழந்தையின் முதுகில்தான்.

சகோதரர்களே! கொதிக்கும் பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டவர் கையை உதறினால் அதை ஒழுங்கீனம் என்று நாம் கூறுவதில்லை. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசையும் தொடுதலும் சில குழந்தைகளுக்குக் கொதிக்கும் பாத்திரமாகவே இருக்கின்றன. அவர்கள் உதறுவது வலியினால். வலிக்கு அடி மருந்தாகுமா?

புலன்கள் ஐந்து மட்டுமா?

பார்த்தல், கேட்டல், நுகர்தல், சுவைத்தல், தொடுதல் என ஐந்து புலன்களை நாம் அறிவோம். இவற்றுடன் மேலும் மூன்றை மருத்துவ அறிவியல் எடுத்துக் கூறுகின்றது. முதலாவது, உடலின் சமநிலையையும் அசைவையும் உணர்வது. இதற்கான உறுப்பு உட்காதில் அமைந்துள்ளது. இரண்டாவது, கை கால்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு அழுத்தம் கொடுக்கின்றன என்பதைத் தசைகளும் மூட்டுகளும் மூளைக்குத் தெரிவிப்பது. இருட்டிலும் உணவுக் கவளம் தவறாமல் நம் வாய்க்குச் செல்வது இதனால்தான். மூன்றாவது, பசி, தாகம், சிறுநீர் முட்டுதல், உடற்சூடு போன்று உடலின் உள்ளிருந்து வரும் செய்திகளை உணர்வது.

இவ்வரிகளை நீங்கள் வாசிக்கும்போது மின்விசிறி சுழலும் ஓசை உங்கள் காதில் விழுகின்றது. சட்டை உங்கள் தோலில் உரசுகின்றது. தெருவில் வாகனங்கள் செல்கின்றன. ஆயினும் அவை உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. தேவையானதை எடுத்துக்கொண்டு தேவையற்றதை ஒதுக்கும் சல்லடையாக மூளை செயல்படுகின்றது. எவ்வளவு பெரிய அருட்கொடை இது! சில குழந்தைகளுக்கு இந்தச் சல்லடை வேறு விதமாக அமைந்துவிடுகின்றது. கண் அளவு பெரிதானால் எல்லாம் ஒருசேரக் கொட்டுகின்றது; சிறிதானால் வேண்டியதும் வந்து சேர்வதில்லை.

இதனை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் (1920–1988) என்ற பெண்மணி. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரான அவர், 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட தமது நூலில் ‘புலன் ஒருங்கிணைப்பு’ என்ற கோட்பாட்டை விரிவாக விளக்கினார். அவர் வழிவந்த சிகிச்சையாளர்கள் இக்குழந்தைகளை மூன்று வகையாகப் பார்க்கின்றார்கள். சிறு தூண்டுதலுக்கும் மிகையாகத் துடிப்பவர்கள் ஒரு வகை. அழைத்தாலும் அடிபட்டாலும் உணராதவர்போல் இருப்பவர்கள் இன்னொரு வகை. மேலும் மேலும் தூண்டுதலைத் தேடி ஓடுபவர்கள் மூன்றாம் வகை. ஒரே குழந்தை ஓசையில் முதல் வகையாகவும் அசைவில் மூன்றாம் வகையாகவும் இருப்பதுண்டு.

இச்சிரமம் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுகின்றது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இது சேர்க்கப்பட்டது; ஆனால் தனியொரு நோயாக அதில் இடம்பெறவில்லை. கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளிடமும், வேறு எக்குறையும் இல்லாத பிள்ளைகளிடமும்கூட இச்சிரமம் தென்படலாம்.

முதலில் மருத்துவர், அடுத்துக் குறிப்பேடு

வீட்டு முறைகளைத் தொடங்குமுன் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அழைத்தால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கின்றதா என்று முதலில் சோதிக்க வேண்டும். காதில் சீழ், பல்வலி, மலச்சிக்கல், பார்வைக் குறைவு ஆகியவையும் குழந்தையை அமைதியிழக்கச் செய்யும். மண், சுண்ணாம்பு, சாக்பீஸ் போன்றவற்றைத் தின்னும் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறைவு இருக்கலாம்; இரத்தப் பரிசோதனை அவசியம். பேச்சு வரத் தாமதமானாலோ, வந்த பேச்சு நின்றுபோனாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் முஃமினின் இயல்பு. அதைக் காரணம் காட்டி மருத்துவத்தை ஒத்திப்போடுவது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

அடுத்து, ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இரண்டு வாரங்கள் எழுதி வாருங்கள். குழந்தை எப்போது அழுதது, எங்கே அழுதது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எதனால் அமைதியடைந்தது என்ற நான்கு செய்திகள் போதும். மாலையில் குக்கர் விசில் அடிக்கும்போதா, கூட்டத்திலா, பசியிலா, குளித்து முடித்த பின்பா என்பது தானாகவே வெளிப்படும். எந்தச் சிகிச்சையாளரிடம் சென்றாலும் இந்தக் குறிப்பேடு அவருக்குப் பெரிதும் உதவும்.

தசைக்கும் மூட்டுக்கும் வேலை

வீட்டு முறைகளில் எளிதானதும், பெரும்பாலான குழந்தைகள் விரும்பி ஏற்பதும் இதுதான். தசைகளும் மூட்டுகளும் அழுத்தத்தோடு வேலை செய்யும்போது பல குழந்தைகள் அமைதியடைவதைச் சிகிச்சையாளர்கள் அனுபவத்தில் கண்டுள்ளனர். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எதுவும் தேவையில்லை. நம் வீட்டு வேலைகளே போதுமானவை.

சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள்; ரொட்டி தட்டச் சொல்லுங்கள். துவைத்த துணியைப் பிழிந்து தரச் சொல்லுங்கள். சிறிய வாளியில் நீர் சுமந்து செடிகளுக்கு ஊற்றச் சொல்லுங்கள். பாயைச் சுருட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். கடையிலிருந்து வந்த அரிசிப் பையை உங்களோடு சேர்ந்து தள்ளட்டும். சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி, வீட்டைத் தள்ளி நகர்த்துவதுபோல் பத்து முறை தள்ளட்டும். கயிறு இழுக்கும் விளையாட்டும், முயல்போல் தாவுவதும், யானைபோல் நான்கு கால்களில் நடப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சுமையின் அளவில் கவனம் வேண்டும். பள்ளிப் பைக்குச் சொல்லப்படும் அளவான, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மீற வேண்டாம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 கிலோ போதும்.

எப்போது செய்வது என்பதே இதில் முக்கியம். குழந்தை வெடித்து அழுத பின் செய்வதைவிட, சிரமமான வேளைக்கு முன்பே செய்வது நல்லது. பள்ளிக்குப் புறப்படுமுன் பத்து நிமிடம், பள்ளியிலிருந்து திரும்பியதும் பதினைந்து நிமிடம், ஓதவோ எழுதவோ அமருமுன் ஐந்து நிமிடம், உறங்குமுன் சிறிது நேரம் என்று பகுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாளர்கள் இதனைப் புலன்களுக்கான உணவுமுறை என்பார்கள். வயிற்றுக்கு வேளாவேளைக்கு உணவளிப்பதுபோல் புலன்களுக்கும் வேளாவேளைக்கு அளிக்க வேண்டும்.

தூளியும் ஊஞ்சலும்

பச்சிளங்குழந்தையைத் தூளியில் ஆட்டி உறங்க வைப்பது நம் தாய்மார்கள் காலங்காலமாகச் செய்து வருவது. முன்னும் பின்னுமாக ஒரே சீராக மெதுவாக ஆட்டினால் குழந்தை அமைதியடைகின்றது. வேகமாகவும் சுழற்றியும் ஆட்டினால் அதன் துடிப்பு கூடுகின்றது. வளர்ந்த குழந்தைக்கும் இதுவே பொருந்தும்.

அசைவுக்கு அஞ்சும் குழந்தையை ஊஞ்சலில் வலிந்து ஏற்றக் கூடாது. கால்கள் தரையைத் தொடும் உயரத்தில் ஊஞ்சலைக் கட்டி, ஆட்டத்தைக் குழந்தையின் கையிலேயே விட்டுவிடுங்கள். தானாக நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை வந்தால் அச்சம் குறையும். சுழல்வதை விரும்பும் குழந்தையையும் கண்காணிக்க வேண்டும். முகம் வெளிறுதல், வியர்த்தல், குமட்டல், வழக்கத்திற்கு மாறான சிரிப்பு ஆகியவை தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். வலிப்பு நோய் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் சுழலும் விளையாட்டுகள் எதுவும் வேண்டாம். ஊஞ்சல் கொக்கியின் உறுதியைச் சோதித்து, கீழே மெத்தை விரித்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

தொடுதலும் உடையும்

தொடுதலைத் தாங்காத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மென்மையான வருடலே அதிகத் தொல்லை தருகின்றது. உறுதியான அழுத்தத்தை அவர்கள் ஏற்றுக்கொள்கின்றார்கள். ஆகவே பின்னாலிருந்து திடீரென்று தொடாதீர்கள். முன்னால் வந்து, சொல்லிவிட்டு, உள்ளங்கை முழுவதும் பதியுமாறு உறுதியாகத் தொடுங்கள். குளித்த பின் துண்டினால் மேலோட்டமாகத் துடைக்காமல், அழுத்தி ஒற்றியெடுங்கள். விருந்தினர் எவரும் கன்னத்தைக் கிள்ளவும் முத்தமிடவும் குழந்தையை வற்புறுத்த வேண்டாம். ஸலாம் சொன்னால் போதும்.

புதிய ஆடையைப் பெருநாளுக்கு முன்பே நான்கைந்து முறை துவைத்து மென்மையாக்குங்கள். கழுத்துப் பட்டையிலுள்ள அடையாளத் துணியைத் தையலோடு பிரித்தெடுங்கள். உள்ளாடையை உட்புறம் வெளியே வருமாறு அணிவித்தால் தையல் உறுத்தாது. ஜரிகையும் கண்ணாடி வேலைப்பாடும் உள்ள ஆடையைவிடப் பழகிய பருத்திச் சட்டையே அக்குழந்தைக்குப் பெருநாள் ஆடை. நகத்தைக் குளித்த பின் வெட்டுங்கள். முடிவெட்டுமுன் தலையை இரு கைகளாலும் சில முறை அழுத்திவிடுங்கள். மின்கருவியைத் தவிர்த்துக் கத்தரிக்கோலால், முடிந்தால் வீட்டிலேயே, குழந்தை கண்ணாடியில் பார்க்கும்படி வெட்டச் செய்யுங்கள்.

கையில் எதுவும் ஒட்டக் கூடாது என்று அஞ்சும் குழந்தைக்கு ஓர் அகன்ற தாம்பாளத்தில் அரிசியையோ துவரம்பருப்பையோ பரப்பி, அதில் சிறு பொம்மைகளை ஒளித்து வையுங்கள். முதலில் கரண்டியால் தேடட்டும், பிறகு ஒரு விரலால், பிறகு கையால். உலர்ந்தவை பழகிய பிறகு ஈர மணல், மாவு என்று மெல்ல மெல்லச் செல்லுங்கள். வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தைக்கும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் சிறு தானியங்களும் மணிகளும் ஆபத்தானவை.

பாயிலோ போர்வையிலோ சுருட்டி அழுத்தும் விளையாட்டைச் சில குழந்தைகள் மிகவும் விரும்புவார்கள். தலையும் முகமும் முற்றிலும் வெளியே இருக்க வேண்டும். நினைத்தவுடன் தானே வெளிவர முடிய வேண்டும். ஒரு கணமும் தனியே விடக் கூடாது. 2008-ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தில், எடையூட்டிய போர்வையில் சுற்றப்பட்ட ஒன்பது வயது ஆட்டிசச் சிறுவன் உயிரிழந்தான். நல்லெண்ணத்தோடு செய்வதிலும் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இது பாடமாகும்.

ஓசை, ஒளி, உணவு

மிக்ஸியை ஓட்டுமுன் சொல்லுங்கள். பத்து வரை எண்ணிவிட்டு ஓட்டுங்கள். இயலுமானால் பொத்தானைக் குழந்தையே அழுத்தட்டும். எதிர்பாராமல் வரும் ஓசையே பேரச்சம் தருவது. நிக்காஹ் மண்டபத்திற்கும் வெடிச் சத்தம் மிகுந்த நாட்களுக்கும் காதுறை உதவும். ஆனால் நாள் முழுவதும் அணிவித்தால் சிறு ஓசையும் தாங்காத நிலை ஏற்படலாம். மினுக்கும் குழல் விளக்கை மாற்றுங்கள். ஓதும் இடத்திற்கு எதிரேயுள்ள சுவரில் படங்களும் பொருட்களும் நிறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் ஒரு மூலையில், துணியால் மறைத்து, தலையணைகளும் ஒரு போர்வையும் இட்டு, அமைதி மூலை ஒன்றை அமைத்துக் கொடுங்கள். குழந்தை தன்னை ஆற்றிக்கொள்ள நாடிச் செல்லும் இடமாக அது இருக்க வேண்டும். ஒருபோதும் அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் அதன் பயன் அன்றோடு முடிந்துவிடும்.

உணவில் வற்புறுத்தல் பலன் தருவதில்லை. புதிய உணவு முதலில் ஸஹனின் ஓரத்தில் இருக்கட்டும். மறுநாள் தொட்டுப் பார்க்கட்டும், பிறகு முகரட்டும், பிறகு நாவின் நுனியால் தொடட்டும். ஒரு பருக்கை உண்டால் அதுவே வெற்றி. ஆணத்தைச் சோற்றில் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சட்டையைக் கடிக்கும் குழந்தைக்கு, வயதுக்கும் பல்லுக்கும் ஏற்றவாறு மொறுமொறுப்பான தின்பண்டம் கொடுங்கள். உறிஞ்சு குழலால் மோரோ பழக்கூழோ குடிக்கச் செய்யுங்கள். எடை குறைந்தாலோ, உண்ணும் உணவு வகைகள் நாளுக்கு நாள் சுருங்கினாலோ மருத்துவரை அணுகுங்கள்.

பசியையும் சிறுநீர் முட்டுவதையும் உணராத குழந்தைக்கு நேரம் வைத்து நீங்களே நினைவூட்டுங்கள். ஏசினால் அவ்வுணர்வு வந்துவிடாது.

குமுறி வெடிக்கும் வேளை

என்ன செய்தாலும் சில நேரங்களில் குழந்தை குமுறி வெடிக்கும். வேண்டியது கிடைத்தவுடன் நிற்கும் அழுகையன்று இது, கொடுத்தாலும் நிற்காது. அவ்வேளையில் அறிவுரை கூறாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். கூட்டத்தை விலக்குங்கள், விளக்கைத் தணியுங்கள், குரலைத் தாழ்த்துங்கள். தலை மோதாதவாறு தலையணை வையுங்கள். அணைப்பை விரும்பும் குழந்தையை உறுதியாக அணையுங்கள். விரும்பாத குழந்தையை விட்டு இரண்டடி தள்ளி அமைதியாக அமர்ந்திருங்கள். நீர் அருந்தக் கொடுங்கள். அடங்கிய பிறகு நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பெற்றோரும் மனிதர்களே. தாயின் பொறுமை கரையும் வேளையில் தந்தை குழந்தையை ஏற்றுக்கொள்ள வேண்டும். பகலெல்லாம் சுமந்தவளிடம் இரவில் வந்து குறை கேட்பது ஆண்மையன்று. தந்தை அயல்நாட்டில் பணிபுரியும் குடும்பங்களில் இப்பொறுப்பை நன்னா, நன்னி, மாமா, சாச்சா ஆகியோர் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பள்ளிவாசலும் மதரஸாவும்

இத்தகைய குழந்தையுள்ள பல குடும்பங்கள் பள்ளிவாசலுக்கும் விருந்துக்கும் வருவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கின்றன. காரணம் குழந்தையன்று, நம் பார்வைகள்தாம்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் குழந்தைகள் அழுதிருக்கின்றார்கள். அழுகுரல் கேட்டதும், தாயின் மனம் படும் பாட்டை எண்ணி அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதைப் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்கள் பதிவு செய்துள்ளன. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறு அவர்கள் தொழுததும் ஆதாரப்பூர்வமான செய்தியே. ஸஜ்தாவில் முதுகின் மீது ஏறிய பேரக் குழந்தைக்காக, அது இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டியதை நஸாயீயில் காண்கின்றோம். பல பேர் தொழும் ஜமாஅத்தையே ஒரு குழந்தைக்காகச் சுருக்கவும் நீட்டவும் செய்த தலைவரின் உம்மத்தினர் நாம். நம் பள்ளிகளில் அழும் குழந்தையின் தந்தையை நோக்கி எத்தனை தலைகள் திரும்புகின்றன!

பெற்றோர்களே! குழந்தையை ஜும்ஆக் கூட்டத்திற்கு முதன்முதலாக அழைத்து வராதீர்கள். அஸருக்குப் பின் பள்ளி காலியாக இருக்கும் வேளையில் ஐந்து நிமிடம் அழைத்து வாருங்கள். விரிப்பைத் தொட்டுப் பார்க்கட்டும், தூண்களை எண்ணட்டும். பழகிய பிறகு ஒரு ரக்அத், பிறகு ஒரு வக்து. ஸஃபின் ஓரத்தில், சுவரையொட்டி, ஒலிபெருக்கிக்குத் தொலைவில் நில்லுங்கள். விரிப்பின் சொரசொரப்பு நெற்றியில் உறுத்தினால் வீட்டு முஸல்லாவைக் கொண்டு வாருங்கள். தொப்பி உறுத்தினால் அதற்காகப் போராட வேண்டாம். அத்தர் மணம் குமட்டினால் அன்று நீங்களும் பூச வேண்டாம். ஒளுச் செய்யக் குழாய் நீரின் குளிர்ச்சி ஒவ்வாவிட்டால் வீட்டிலேயே வெதுவெதுப்பான நீரில் செய்து வாருங்கள். சக்திக்கு மீறிய சுமையை மார்க்கம் எவர் மீதும் ஏற்றுவதில்லை. சட்ட ஐயங்களை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மதரஸா உஸ்தாதுமார்களே! அசையாமல் அமர இயலாத பிள்ளை நின்றுகொண்டு ஓதினால் ஓதல் குறைந்துவிடாது. பத்து நிமிடத்திற்கு ஒரு முறை கிதாபுகளை அடுக்கவும், ரிஹால் பலகைகளை எடுத்து வைக்கவும் அவனை அனுப்புங்கள். எல்லோரும் ஒருசேர உரத்து ஓதும் அறையில் காதைப் பொத்தும் பிள்ளைக்கு வாயிலருகே இடம் கொடுங்கள். பிரம்பு அவனுக்குக் குர்ஆனைக் கற்பிக்காது; குர்ஆன் ஓதும் இடத்தின் மீது அச்சத்தையே கற்பிக்கும்.

மஹல்லா நிர்வாகிகளே! இக்குடும்பங்களுக்கு வாயிலருகே ஓரிடம் ஒதுக்குங்கள். முடிந்தால் அங்குள்ள ஒலிபெருக்கியின் ஓசையைக் குறையுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

அளவறிந்து நம்புவோம்

அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அமைப்பு 2012-ஆம் ஆண்டிலேயே, புலன் சிகிச்சைகளை ஒட்டுமொத்தச் சிகிச்சையின் ஓர் அங்கமாக மேற்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்கான ஆய்வுச் சான்றுகள் குறைவு என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் அளித்த புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையால் அன்றாடச் செயல்களில் முன்னேற்றம் தெரிந்தது. 138 குழந்தைகள் பங்கேற்று 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு, வழக்கமான பராமரிப்பைவிட அச்சிகிச்சை குழந்தைகளின் எரிச்சலையும் கொந்தளிப்பையும் அதிகமாகக் குறைக்கவில்லை என்று கண்டது. எடையூட்டிய போர்வையும் ஆட்டிசக் குழந்தைகளின் உறக்கத்தைக் கூட்டவில்லை என்று 2014-ல் மற்றோர் ஆய்வு கூறியது. எனினும் குழந்தைகளும் பெற்றோரும் அதை விரும்பினர்.

ஆகவே, இத்தனை அமர்வுகளில் முழுமையாகக் குணப்படுத்துவோம் என்று கூறி நகையை அடகு வைக்கச் சொல்பவர் எவராயினும் அவரை நம்பாதீர்கள். உடலைத் தூரிகையால் தேய்ப்பது போன்ற முறைகளைப் படக்காட்சி பார்த்துத் தாமாகச் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, சில வாரங்கள் கவனித்து, பயன் தந்தால் தொடருங்கள், இல்லையேல் விடுங்கள். குழந்தை சிரித்து விளையாடினால் அது பயிற்சி. அழுது திமிறினால் அது துன்புறுத்தல். இந்த அளவுகோல் ஒன்றே பெற்றோருக்குப் போதும். இம்முறைகள் குழந்தையை வேறொருவராக மாற்றுவதற்கானவை அல்ல. அதன் உணவும் உறக்கமும் உடுத்தலும் ஓதலும் சற்று எளிதாவதற்கானவை.

அரசின் உதவிகளையும் அறிந்திருங்கள். 2013-ல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன; அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகின்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்றாகும். சான்று பெறுவதை அவமானமாக எண்ணி உரிமையை இழந்துவிடாதீர்கள். நாளை திருமணம் பேசும்போது இடையூறாகுமே என்று மறைத்தால், கற்றுக்கொள்ளும் பருவம் வீணாகக் கழிந்துவிடும்.

அன்பானவர்களே! இன்று இல்லம் திரும்பியதும் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, உறவிலோ, அண்டையிலோ இப்படியொரு குழந்தை இருந்தால், அதன் தாயிடம் அறிவுரை எதுவும் கூறாமல், நாங்கள் என்ன உதவி செய்யட்டும் என்று கேளுங்கள். குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு அவரை உறங்க விடுங்கள். குழந்தை காதைப் பொத்தினால் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். இவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். அந்தக் குழந்தைக்கு அவை அன்றைய நாளையே மாற்றித் தரும்.

யா அல்லாஹ்! எங்கள் குழந்தைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! சொல்ல இயலாத அவர்களின் வேதனையை உணரும் உள்ளங்களை எங்களுக்குத் தருவாயாக! அவர்களைச் சுமக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையையும் உடல் நலத்தையும் வழங்குவாயாக! எங்கள் கைகளை அடிப்பதிலிருந்து தடுத்து, அணைப்பதில் உறுதியாக்குவாயாக! எங்கள் இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் அவர்கள் அச்சமின்றி நுழையும் இடங்களாக ஆக்கி அருள்புரிவாயாக! ஆமீன்.